தனியார் நெட், அரசு நெட்: இரண்டுக்கும் வருடக்கணக்கில் பணம் கட்டியவனின் அனுபவம்

"அரசு கனெக்‌ஷன் வாங்காதே, கம்ப்ளைன்ட் கொடுத்தே ஆயுசு போய்விடும்" என்று ஒரு கூட்டம். "தனியார்காரன் கழுத்தை அறுப்பான், நெட் எல்லாம் அரசுதான் தர வேண்டும்" என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டையும் நீண்ட நாள் பயன்படுத்தியிருக்கிறேன், இப்போது இரண்டும் கலந்த மூன்றாவது வகையில் இருக்கிறேன். வீட்டிலிருந்து வேலை, அதுவும் பெரிய பெரிய ஃபைல்களை அப்லோட் செய்கிற வேலை, ஆகவே நெட் படுத்தால் எனக்குச் சம்பளமும் படுத்துவிடும். கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை, ஏற்பாடு எப்படி என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் இருந்த பகுதியில் ஒரே ஒரு தனியார் கம்பெனியின் கேபிள்தான். ஆரம்பம் பிரமாதம். கேட்ட மறுநாளே ஆள் வந்து லைன் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார், கஸ்டமர் கேரில் தேனொழுகப் பேசினார்கள், ஆப் பளபளவென்று இருந்தது. அறிமுகச் சலுகை முடிந்த பிறகுதான் அசல் பில் வந்தது. புதிதாகச் சேருகிறவருக்கு ஒரு விலை, பல காலமாக ஒழுங்காகப் பணம் கட்டுகிறவருக்கு அதைவிடக் கூடுதல் விலை, கேட்டால் "இந்த ஆஃபர் புது கஸ்டமருக்கு மட்டும் சார்". வேகத்திலும் அதே கதைதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது டவுன்லோட் வேகம் மட்டும், அப்லோட் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் டவுன்லோடும் நொண்டும்.

ராத்திரி ஏன் நொண்டுகிறது என்பது தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபரில், அதாவது ஒரு கண்ணாடி இழையையே பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் வகையில், கம்பெனிப் பக்கம் அந்த இழையைச் சொருகும் ஒரு போர்ட்டின் மொத்த டவுன்லோட் கொள்ளளவு வினாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட். அதை 32 வீட்டுக்கும் பிரிக்கலாம், 64 வீட்டுக்கும் பிரிக்கலாம். பழைய கேபிள் டிவி வயர் என்றால் தெருவே ஒன்றைப் பங்கு போட்டுக்கொள்ளும். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லாக் கம்பெனியும் பிளான் விற்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் கூட்டம் சேரச் சேர இன்னொரு போர்ட்டைத் திறந்து கொடுக்க வேண்டும், அதற்குக் காசு ஆகும். நான் வேறு எங்கும் போக முடியாது என்று தெரிந்த கம்பெனிக்கு அந்தக் காசைச் செலவழிக்க என்ன அவசரம்?

போட்டி வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். வரும், ஆனால் எளிதில் வராது. நெட் வியாபாரத்தில் பெரிய செலவு மண்ணைத் தோண்டுவதும் கம்பத்தில் ஏறுவதும். முதல் கம்பெனி ஏற்கெனவே தோண்டி முடித்த தெருவில் இரண்டாமவன் மறுபடி முழுத் தெருவையும் தோண்ட வேண்டும், கிடைக்கப்போவதோ பாதி வீடு. அமெரிக்காவில் லூயிவில் நகரத்துக்கு 2017-இல் வந்த கூகுள் ஃபைபர் செலவைக் குறைக்கச் சாலையில் இரண்டே அங்குல ஆழத்தில் கீறிக் கேபிளைப் பதித்தது. கேபிள் மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது, 2019-இல் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்கள். கையில் அவ்வளவு பணம் உள்ளவர்களுக்கே இந்தக் கதி.

அப்புறம் வீடு மாறியபோது அரசு நிறுவனத்தின் கனெக்‌ஷன். நிஜமாகவே நல்ல விஷயங்கள் இருந்தன. எல்லோருக்கும் ஒரே விலை, சலுகை என்ற பெயரில் வித்தை எதுவும் இல்லை. முந்தைய தனியார் இணைப்பில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரியை, அதாவது வெளியிலிருந்து நம் இணைப்பைக் கண்டுபிடிக்க உதவும் எண்ணை, பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள், வெளியூர் போனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழையவே முடியாது. இங்கே தனி முகவரி கிடைத்தது. லைன்மேன் தங்கமான மனிதர், வந்தால் வேலை சுத்தமாக முடியும். வந்தால். அவர் ஒருவரே ஏகப்பட்ட தெருக்களைப் பார்த்தார், வெள்ளி மாலை லைன் போனால் திங்கள் வரைக்கும் மறந்துவிட வேண்டியதுதான். ஒருமுறை இடியில் கருவி கெட்டுப்போனது, பதிலுக்கு வேறு கொடுக்க ஸ்டாக் இல்லை, டெண்டர் போயிருக்கிறது என்றார்கள். கம்ப்ளைன்ட் டிக்கெட் மட்டும் அன்றைக்கே "சரிசெய்யப்பட்டது" என்று மூடப்பட்டுவிட்டது. எப்படி என்று இன்றுவரை புரியவில்லை.

இதை வைத்து அரசு என்றாலே இப்படித்தான் என்று எழுதிவிடலாம். ஆனால் சட்டனூகாவை எங்கே வைப்பது? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரில் நகரத்துக்குச் சொந்தமான மின்வாரியம் 2010-இலேயே தன் எல்லைக்குள் எல்லோருக்கும் ஒரு கிகாபிட் கொடுத்தது, 2015-இல் பத்து கிகாபிட். மின்கட்டமைப்பைக் கண்காணிக்கத் தனக்கே ஃபைபர் தேவைப்பட்டது, மத்திய அரசின் மானியமும் கிடைத்தது, அந்த ஃபைபரிலேயே நெட்டும் கொடுத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது வேகத்தைவிட ஆட்கள் விஷயம்தான்: ராத்திரி கரண்ட் போனால் ஓடிவருகிற பழக்கம் ஏற்கெனவே உள்ள நிறுவனம் அது. தனியார் கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை, வழக்குகள் நடந்தன. பக்கத்து ஊர்களுக்கும் விரிவுபடுத்த முயன்றபோது மாநிலச் சட்டம் தடுத்தது, அந்தத் தடையை 2015-இல் அமெரிக்க மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி நீக்கப் பார்த்தது, 2016-இல் நீதிமன்றம் எஃப்சிசிக்கு அந்த அதிகாரம் இல்லை என்றுவிட்டது. சந்தைப் போட்டி வேண்டும் என்று பேசுகிறவர்கள் போட்டியாளரைச் சட்டம் போட்டு நிறுத்துவது நல்ல வேடிக்கை.

மறுபக்கமும் உண்டு. யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரம் கடன் வாங்கி ஃபைபர் போட்டு, நடத்தத் தெரியாமல் கடைசியில் 2013-இல் ஒரு டாலருக்குக் கூகுளிடம் கொடுத்தது. நெட்வொர்க் கைமாறியது, கடன் ஊர் மக்கள் தலையிலேயே தங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2009-இல் பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர் என்று அரசு அறிவித்தது, 2013-இல் ஆட்சி மாறியதும் பழைய செம்புக் கம்பியையே பல இடங்களில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று திட்டத்தை மாற்றினார்கள், 2020-இல் மறுபடி ஃபைபருக்கு மாற்றுவோம் என்றார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வயர் மாறும் என்றால் யார் என்ன செய்வது.

என் இரண்டு அனுபவத்திலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: நான் போய்விடுவேன் என்ற பயம் அவர்களுக்கு இல்லை. ஒருவர் அந்த தைரியத்தில் விலையை ஏற்றினார், இன்னொருவர் மெதுவாக வந்தார்.

இப்போது இருக்கும் வீட்டில் ஃபைபர் ஒருவருடையது, அதன்மேல் நெட் விற்பது பல கம்பெனிகள். இது புது யோசனை இல்லை. ஸ்டாக்ஹோம் நகரம் 1994-லேயே ஸ்டோகாப் என்ற தன் நிறுவனம் வழியாக வெறும் ஃபைபரை மட்டும் வாடகைக்கு விட ஆரம்பித்தது, அது நெட் விற்பதில்லை. நியூசிலாந்தில் 2011-இல் பழைய டெலிகாம் கம்பெனியைப் பிரித்து கோரஸ் என்று வயருக்குத் தனி நிறுவனம் ஆக்கினார்கள், வீடுகளுக்கு அது நேரடியாக நெட் விற்கக் கூடாது. எனக்கு நடைமுறையில் என்ன வித்தியாசம் என்றால், கம்பெனி மாற யாரும் சுவரில் ஓட்டை போட வேண்டாம், ஆன்லைனில் மாற்றிவிடலாம். விலகுகிறேன் என்று தகவல் கொடுத்த அன்றே பழைய கம்பெனியிலிருந்து போன், விலையைக் குறைக்கிறோம் சார் என்று. அந்தக் குரல் முதல் வீட்டில் எங்கே போயிருந்தது!

சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். லைன் போனால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நெட் கம்பெனி "ஃபைபரில் கோளாறு, அவர்கள்தான் பார்க்க வேண்டும்" என்கிறது, ஃபைபர் நிறுவனம் "நாங்கள் வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசுவதில்லை" என்கிறது. இதற்கு நான் கண்ட வைத்தியம்: ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே போட்டோ, பிறகு பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் வருகிற ஒளியின் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்வது. ஜிபானில் அது பொதுவாக மைனஸ் 27 டிபிஎம்முக்கும் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) கீழே போனால் ஃபைபரில் எங்கோ மடிப்போ அழுக்கோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணைச் சொல்லிக் கம்ப்ளைன்ட் கொடுத்தால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

அரசு கையில் நெட் இருந்தால் நினைத்தபோது அணைத்துவிடுவார்கள் என்ற பயத்தைப் பற்றியும் கேட்பார்கள். பயம் நியாயமானது, ஆனால் தனியார் அதற்குக் காவல் இல்லை. 2011 ஜனவரியில் எகிப்து நெட்டை நிறுத்தியபோது உத்தரவுக்குப் பணிந்து அணைத்தவர்களில் தனியார் கம்பெனிகளும் இருந்தார்கள். லைசென்ஸ் கொடுப்பது யாரோ அவர் சொல் கேட்கத்தான் செய்வார்கள்.

ஆகவே வீடு பார்க்கும்போதே, அந்தத் தெருவில் எத்தனை கம்பெனி உண்மையில் லைன் கொடுக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிடுகிறேன், இணையதளத்தில் போட்டிருப்பதை நம்புவதில்லை. ஒன்றே ஒன்று என்றால், அது அரசோ தனியாரோ, வருடப் பிளான் எடுக்காமல் மாதா மாதம் கட்டுகிற பிளானை எடுத்துக்கொண்டு, வேறு நெட்வொர்க்கின் மொபைல் டேட்டாவைக் கையிருப்பாக வைத்துக்கொள்வேன். சொந்த ரவுட்டர் வாங்கிவிடுங்கள், அவர்கள் தருகிற பெட்டியில் பாதி அமைப்புகளைப் பூட்டியே தருகிறார்கள்.