1500டி-யிலிருந்து ஆர்6 மார்க் 2-க்கு: மாறலாமா, இருப்பதை வைத்தே சமாளிக்கலாமா?

கேமராவை மாற்றும் எண்ணம் வந்துவிட்டால் புதிய கேமராவில் எடுத்த மாதிரிப் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பதே வழக்கம். இம்முறை நான் அதைச் செய்யவில்லை. ஐந்து ஆண்டுகளாகக் கையில் இருக்கும் கேனன் 1500டி எடுத்துத் தந்த படங்களில், தேறாது என்று ஒதுக்கி வைத்தவற்றை மட்டும் திறந்து, ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று பார்த்தேன். சில படங்கள் ஆட்டத்தால் கெட்டிருந்தன. சிலவற்றில் முகத்துக்குப் பதில் பின்னால் இருந்த திரைச்சீலையில் ஃபோகஸ் விழுந்திருந்தது. சில இருட்டில் புள்ளி புள்ளியாக வெளிறிக் கிடந்தன. சிலவற்றில் பிடிக்க வேண்டிய கணம் ஒரு நொடி முன்போ பின்போ கடந்து போயிருந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, விலையும் வேறு என்பது அப்போதுதான் விளங்கியது.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் வேறு வேலை. முகூர்த்த நாட்களில் தெரிந்தவர்கள் வீட்டுத் திருமணங்களுக்குப் படம் எடுக்கிறேன். ஓய்வு கிடைத்தால் கோயில்களும் பறவைகளும். என் முன்னே இருந்த வழிகள் மூன்று. 1500டி-யை அப்படியே வைத்துக்கொண்டு லென்ஸும் ஃபிளாஷும் வாங்குவது. 2016-இல் வெளிவந்த கேனன் 5டி மார்க் 4-ஐப் பழையதாக வாங்குவது. 2022 இறுதியில் அறிமுகமான கேனன் ஆர்6 மார்க் 2-ஐப் புதிதாக வாங்குவது. சோனி, நிக்கான் நிறுவனங்களின் கேமராக்களும் இவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. ஆனால் கையில் உள்ள லென்ஸ்களையெல்லாம் விற்று முதலிலிருந்து தொடங்க எனக்கு மனமும் இல்லை, பணமும் இல்லை.

மெகாபிக்சலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2018-இல் வந்த 1500டி-க்கு 24.1 மெகாபிக்சல், அதே நிறுவனம் 2024-இல் தன் உச்ச மாடலாக வெளியிட்ட ஆர்1-க்கு 24.2. ஆர்6 மார்க் 2-க்கும் அதே 24.2தான். குறுக்கே 6000, நெடுக்கே 4000 புள்ளிகள் கொண்ட படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் 20 அங்குலத்துக்குச் சற்றேறக்குறைய 13 அங்குலம் வரும். திருமண ஆல்பத்தின் 12-க்கு 36 அங்குல விரிப்பிலும் ஒரே படத்தை முழுமையாகப் பரப்புவது அரிது. பெரும்பாலும் நான்கைந்து படங்களைச் சேர்த்தே வடிவமைக்கிறார்கள். ஆகவே இந்த ஒரு காரணத்துக்காகக் கேமராவை மாற்ற நினைப்பவர்கள் பணத்தை வங்கியிலேயே விட்டுவைக்கலாம்.

வெளிச்சம்தான் உண்மையான பிரச்சினை. உறவினர் வீட்டு வளைகாப்பில், கண்ணாடி வளையலைக் கையில் ஏற்றும் நேரத்தில் எடுத்த ஒரு படத்தின் விவரத்தைப் பார்த்தேன்: கேமராவோடு வந்த கிட் லென்ஸ் 55 மி.மீ. முனையில், எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஷட்டர் வேகம் நொடியில் முப்பதில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 6400 (ஒளி உணர்திறன்; கூட்டினால் இரைச்சல் புள்ளிகளும் கூடும்). வளையல் ஏற்றுபவரின் விரல்கள் கலைந்த மை போல இழுபட்டிருந்தன; கர்ப்பிணியின் கன்னத்தில் மஞ்சள் எது, இரைச்சல் புள்ளி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வந்திருக்கும். அந்தப் பத்து மடங்கில் நான்கை ஷட்டருக்குக் கொடுத்து நொடியில் 125-இல் ஒரு பங்கு என்றாக்கி, மிச்சத்தை ஐஎஸ்ஓவுக்குக் கொடுத்திருந்தால் அது 2500 அளவுக்கு இறங்கியிருக்கும். விரல்களும் நின்றிருக்கும், கன்னமும் கன்னமாகத் தெரிந்திருக்கும்.

சரி, லென்ஸை மாற்றாமல், 5டி மார்க் 4-இலும் ஆர்6 மார்க் 2-இலும் உள்ள பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேமுக்கு மட்டும் மாறினால் என்ன கிடைக்கும்? 1500டி-யின் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதியும் சில்லு, 22.3-க்கு 14.9 மி.மீ., அதாவது சுமார் 332 சதுர மி.மீ.; ஃபுல் ஃப்ரேம் 36-க்கு 24 மி.மீ., அதாவது 864. ஒரே எஃப் எண்ணில், ஒரே காட்சியை எடுத்தால் பெரிய சென்சார் சேர்க்கும் ஒளி 2.6 மடங்கு. புதிய சென்சார்களின் முன்னேற்றத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனாலும் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் லென்ஸ் தரும் பத்து மடங்குக்கு எதிரே, லென்ஸ் இல்லாமல் பாடி மட்டுமே இரண்டு லட்சத்தைத் தொடும் கேமரா தருவது இவ்வளவுதான் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. பட்ஜெட் இடிக்கிறது என்று ஆர்6 மார்க் 2-ஐ எஃப் 4 முதல் 7.1 வரையிலான 24-105 மி.மீ. கிட் லென்ஸோடு வாங்கினால், அந்த ஜூமின் நீண்ட முனையில் திறப்பு 7.1 ஆகச் சுருங்கிவிடும். எஃப் 1.8-ஐ விட அது உள்ளே விடும் வெளிச்சம் பதினைந்து மடங்குக்கும் மேல் குறைவு. பெரிய சென்சாரின் 2.6 மடங்கு அந்தப் பள்ளத்தை நிரப்பாது. மங்கலான மண்டபத்தில் பழைய 1500டி-யும் சின்ன 50 மி.மீ. லென்ஸும் சேர்ந்து அந்தப் புதிய ஜோடியை முந்திவிடும். ஃபுல் ஃப்ரேமின் பலனை முழுமையாக அனுபவிக்க வேண்டுமென்றால் 24-70 எஃப் 2.8 போன்ற லென்ஸ் வேண்டும். ஆர்6 மார்க் 2-இல் நேரடியாகப் பொருந்தும் ஆர்எஃப் மவுண்டில் அதன் விலையும் இரண்டு லட்சத்தை எட்டிப் பிடிக்கும். எனவே "இரண்டு லட்சத்துக் கேமரா" என்று நாம் சொல்லிக்கொள்வது உண்மையில் நான்கு லட்சத்துக் கணக்கு.

இதைப் படித்துவிட்டு 50 மி.மீ. லென்ஸே எல்லாவற்றுக்கும் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இரண்டு மீட்டர் தொலைவில், எஃப் 1.8-இல், 1500டி-யில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். மணமக்கள் தோளோடு தோள் நின்றால் இருவரும் தெளிவாக வருவார்கள். பின்வரிசையில் நின்று எட்டிப் பார்க்கும் மாமா வர மாட்டார். குழுப் படங்களுக்கு ஃபிளாஷைத் தவிர வேறு வழியில்லை. கேனனுக்கென்றே வரும் டிடிஎல் ஃபிளாஷை (லென்ஸ் வழியே வெளிச்சத்தை அளந்து தன் அளவைத் தானே சரிசெய்வது) வெள்ளைக் கூரையில் பட்டுத் தெறிக்கும்படி திருப்பிவைத்து, எஃப் 5.6-இல் எடுத்தால் மூன்று வரிசையும் கைக்குள் வந்துவிடும். கூரை உயரமாகவோ, பச்சை வண்ணம் அடித்ததாகவோ இருந்தால் அது வேறு வேதனை.

இதுவரை பார்த்ததில் 1500டி-யின் கையே ஓங்கியிருக்கிறது. ஃபோகஸுக்கு வந்தவுடன் கதை தலைகீழாகிறது. 1500டி-யின் வியூஃபைண்டரில் இருப்பவை ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள். அவற்றில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கு, நெடுக்கு இரண்டையும் பார்க்கும் வகை. எனவே அனுபவம் உள்ளவர்கள் நடுப்புள்ளியை முகத்தில் வைத்துப் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்பிக் காட்சியை அமைத்துக்கொள்கிறார்கள். எஃப் 1.8-இல் 11 சென்டிமீட்டர்தான் ஆழம் என்னும்போது, அந்தச் சிறு திருப்பத்திலேயே கண்ணின் கூர்மை காதுக்குப் போய்விடும். மாலை மாற்றும் நேரத்தில் மாப்பிள்ளை விளையாட்டாகப் பின்னுக்குச் சாய்கிறார், பெண் எக்கி நிற்கிறார், தோழர்கள் மாப்பிள்ளையைத் தூக்கிவிடுகிறார்கள். நொடிக்கு மூன்று படம் எடுக்கும் கேமராவில் இவற்றையெல்லாம் பிடித்தால் பத்தில் எத்தனை தேறும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஆர்6 மார்க் 2 கண்ணைக் கண்டுபிடித்து, சட்டகத்தின் ஓரத்துக்குப் போனாலும் விடாமல் பின்தொடர்கிறது. மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 12 படம் எடுக்கிறது. ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தியபோது, நான் ஃபோகஸைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். எந்த லென்ஸை வாங்கிப் பொருத்தினாலும் 1500டி-க்கு இது வராது. 5டி மார்க் 4 இடையில் நிற்கிறது: 61 புள்ளிகள், அவற்றில் 41 குறுக்கு வகை, நொடிக்கு 7 படம், ஆனால் வியூஃபைண்டர் வழியே பார்க்கும்போது புள்ளிகள் நடுப்பகுதியிலேயே குவிந்திருப்பதால் ஓரத்து முகங்களுக்கு மறுபடியும் அதே திருப்பும் வேலைதான்.

அடுத்தது மெமரி கார்டு. இதைச் சின்ன விஷயம் என்று பல ஆண்டுகள் நானும் நினைத்திருந்தேன். ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது. மீட்பு மென்பொருளைக் கொண்டு இரவெல்லாம் முயன்றதில் பாதிப் படங்கள் திரும்பின. தட்டு மாற்றிய படங்கள் திரும்பாத பாதியில் இருந்தன. மறுநாள் பெண்ணின் தந்தையிடம், "ஐயா, ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று தொடங்கிய தொலைபேசிப் பேச்சை இன்றும் மறக்க முடியவில்லை. 1500டி-யில் ஒரு கார்டுதான் போட முடியும். 5டி மார்க் 4-இல் ஒரு சிஎஃப், ஒரு எஸ்டி. ஆர்6 மார்க் 2-இல் இரண்டு எஸ்டி. ஒரே படத்தை இரண்டிலும் ஒருசேர எழுதச் சொல்லிவிட்டால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். தொழில்முறைக் கேமராவுக்கும் மற்றதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு என்ன என்று கேட்டால், படத்தின் அழகைச் சொல்ல மாட்டேன்; இந்த இரண்டாவது கார்டைத்தான் சொல்வேன். கூலி வாங்கிக்கொண்டு, மறுபடி நடத்த முடியாத நிகழ்ச்சியை எடுப்பவருக்கு இது வசதி அல்ல, கடமை.

கோயில்களுக்கு வருவோம். தாராசுரம் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முன் அனுமதி இல்லாமல் முக்காலி வைக்க விட மாட்டார்கள். மண்டபத்து உள்தூண்களில் உள்ளங்கை அளவுக்கு இருக்கும் சிற்பங்களைக் கையில் பிடித்தே எடுத்தாக வேண்டும். ஆர்6 மார்க் 2-இன் பாடிக்குள்ளேயே ஆட்டம் தாங்கும் அமைப்பு இருக்கிறது. பொருத்தமான லென்ஸுடன் எட்டு ஸ்டாப் வரை ஈடுகட்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரு மடங்கு) என்று நிறுவனம் சொல்கிறது. அதில் பாதி கிடைத்தாலே, மூச்சை அடக்கிக்கொண்டு நொடியில் கால் பங்கு நேரம் ஷட்டரைத் திறந்துவைத்துக் குறைந்த ஐஎஸ்ஓவில் கல்லின் உளிக்கோடு வரை எடுத்துவிடலாம். கல் அசையாது என்பதால்தான் இது செல்லுபடியாகிறது. வளையல் ஏற்றும் விரல்களுக்கு இந்த வசதியால் ஒரு பயனும் இல்லை. கடையில் இதை விளக்குபவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

பறவைகளைப் பொறுத்தவரை ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுவது எனக்குப் பின்னடைவாகவே முடியும். என்னிடம் உள்ளது 55-250 மி.மீ. லென்ஸ், 1500டி-யில் அதன் நீண்ட முனை 400 மி.மீ. போலக் காட்சி தருகிறது. வேடந்தாங்கல் கரையில் நின்று மரத்தின் உச்சியில் இருக்கும் நத்தைகுத்தி நாரையை எடுக்க அதுவே பற்றாக்குறைதான். சிறிய சென்சாருக்கென்றே செய்த இந்த லென்ஸ் 5டி மார்க் 4-இல் பொருந்தவே பொருந்தாது. ஆர்6 மார்க் 2-இல் அடாப்டர் மூலம் பொருத்தினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்து, 24 மெகாபிக்சல் ஒன்பதாகச் சுருங்கிவிடும். பறவைகளே பிரதானம் என்பவர்கள் 2022-இல் வந்த ஆர்7-ஐப் பார்க்கலாம்: சிறிய சென்சார், 32.5 மெகாபிக்சல், நொடிக்கு 15 படம், இரண்டு கார்டு, பாடிக்குள் ஆட்டத் தடுப்பு. விலையும் ஆர்6 மார்க் 2-ஐ விடக் குறைவு. இருட்டில் மட்டும் அதற்குச் சற்று மூச்சு வாங்கும்.

எடையையும் சொல்லியாக வேண்டும். 1500டி-யும் 50 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் 650 கிராமுக்குள். 5டி மார்க் 4-உம் 24-70 எஃப் 2.8 லென்ஸும் சேர்ந்தால் சுமார் 1.7 கிலோ, ஆர்6 மார்க் 2-உம் அதன் 24-70-உம் சுமார் 1.6 கிலோ. அதிகாலை நான்கு மணிக்கு மண்டபத்துக்குப் போய் மதியப் பந்தி வரை நிற்பவரின் மணிக்கட்டுக்கு இந்த எண்கள் புரியும்.

பழைய 5டி மார்க் 4 பணத்துக்கு நல்ல மதிப்புதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. அதன் ஷட்டர் 150,000 முறை இயங்கும் என்ற அளவில் சோதிக்கப்பட்டது. திருமண ஸ்டுடியோவிலிருந்து வரும் கேமரா அதை எப்போதோ தாண்டியிருக்கக்கூடும். லென்ஸும் சேர்த்து விற்கிறார்கள் என்றால் கைபேசி வெளிச்சத்தைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் பயன்பட்ட லென்ஸ்களின் உள்ளே சிலந்தி வலை போல ஃபங்கஸ் படர்ந்திருப்பது சாதாரணம்.

நான் எடுத்த முடிவு இது. 50 மி.மீ. லென்ஸையும் ஃபிளாஷையும் வாங்கிவிட்டேன். வளைகாப்பு, காதுகுத்து, பிறந்தநாள் ஆகியவற்றுக்கு 1500டி-யே போகிறது. முழுத் திருமணம் ஒப்புக்கொண்டால் ஆர்6 மார்க் 2-ஐயும் 24-70-ஐயும் வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையை முதலிலேயே வீட்டாரிடம் சொல்லும் தொகையில் சேர்த்துவிடுகிறேன். ஓராண்டு வாடகையைக் கூட்டிப் பார்க்கும்போது அது மாதத் தவணைகளின் மொத்தத்தைத் தொட்டால், அன்று ஆர்6 மார்க் 2-ஐ வாங்கிக்கொள்வேன். முகூர்த்தம் குறைந்த ஆண்டாக இருந்தால் வாங்க மாட்டேன். அதுவரை ஒரு கட்டுப்பாடு: இனி வாங்கும் லென்ஸ் எதுவானாலும் இஎஃப் வகையாக (ஃபுல் ஃப்ரேமுக்கும் பொருந்தும் வகை) இருக்க வேண்டும், ஏனென்றால் அது அடாப்டர் மூலம் புதிய கேமராவிலும் முழு சென்சாருக்கு வேலை செய்யும். கடைக்காரர் நல்ல விலைக்குத் தருவதாகச் சொன்ன 10-18 மி.மீ. லென்ஸ் இஎஃப்-எஸ், அதாவது சிறிய சென்சாருக்கான வகை என்பதால், ஆசை இருந்தும் திருப்பிக் கொடுத்துவிட்டு 85 மி.மீ. எஃப் 1.8-க்கு முன்பணம் கட்டியிருக்கிறேன்.