முதியோர் இல்லத்தில் என் பணக் கணக்கு: இரண்டரை வருட அனுபவம்

தக்கலைப் பக்கம் உள்ள முதியோர் இல்லத்துக்கு 2023 ஜூனில் வந்தேன். தபால் துறையில் ஓய்வு பெற்றவள், வயது 74. துபாயில் இருக்கும் மகன், "பணத்தை நான் பாத்துக்கிடுதேன்மா" என்றான். வேண்டாம் மக்கா, பாஸ்புக் என்னிடமே இருக்கட்டும் என்றேன்.

ரப்பர் விளையை விற்ற பணத்தில் 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். 8.2 சதவீதம், ஐந்து வருடம். நம்பிக்கையான திட்டம்தான். ஆனால் வட்டி 30,750 ரூபாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். இல்லத்துக்கோ மாதாமாதம் கட்ட வேண்டும். இதை யோசிக்காததால் முதல் ஆகஸ்டிலேயே கை வறண்டுவிட்டது. அப்புறம் இல்லக் கட்டணம் பென்ஷன் கணக்கிலிருந்து 5-ஆம் தேதி தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தேன். வட்டி தபால் நிலையச் சேமிப்புக் கணக்குக்கு வரும். மருந்து, காது மெஷின் பேட்டரி, பேத்திக்குக் கிறிஸ்துமஸ் உடுப்பு எல்லாம் அதிலிருந்துதான். முதல் வருடம் 15எச் படிவம் (எனக்கு வருமான வரி வராது, பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது) கொடுக்க மறந்து வட்டியில் வரி பிடித்தார்கள். வருமான வரி ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கினேன்.

ஒரு தப்பும் செய்தேன். கடை கண்ணிக்குப் போய்வந்த ஒருவரிடம் ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்தேன். பாஸ்புக்கில் பதிந்து பார்த்தபோது நான் சொல்லாத 500 ரூபாய் இரண்டு முறை எடுக்கப்பட்டிருந்தது. தொகையைவிட, நம்பியதுதான் வலித்தது. அன்றே எண்ணை மாற்றினேன். 70 வயது தாண்டியவர்களுக்கு இருக்கும் இடத்துக்கே வந்து பணம் தரும்படி ரிசர்வ் வங்கி 2017-இலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நாம்தான் விடாமல் கேட்க வேண்டும்.

நவம்பர் வந்தால் வாழ்நாள் சான்று, அதாவது பென்ஷன் தொடர்ந்து வர நான் உயிரோடு இருப்பதைக் காட்டுவது. கொட்டும் மழையில் போய் நின்றால் ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காது. இப்போது இங்குள்ள நர்ஸ் பிள்ளையின் போனில் முகத்தைக் காட்டுகிறேன், ஐந்து நிமிடத்தில் முடிகிறது. போன் வசதி இல்லாதவர்களுக்குத் தபால்காரரே வந்து 70 ரூபாய்க்குச் செய்து தருவார். நான் வேலை பார்த்த துறை என்பதால் அதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

கடைசியாக, இல்லத்தில் கட்டிய முன்பணம். நான் போன பிறகு யாரிடம், எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்று கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. கேட்டேன். மேலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்தத் தாள் பாஸ்புக் உறைக்குள் இருக்கிறது, மகனிடம் ஒரு நகலும் உண்டு.