ஓவிய வகுப்புக்கு மொத்தப் பணத்தையும் கட்டுவதற்கு முன்னால்

வேலை, வீடு என்று ஓடி முடித்து, இனியாவது கொஞ்சம் வரைந்து பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று மாத நீர்வண்ண வகுப்பில் சேர்ந்தேன். 12 வகுப்புக்கும் மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு ஏழாவது வகுப்போடு நின்றுவிட்டேன். பணம் போனது ஒரு பக்கம். எனக்கு வரைய வந்துவிட்டது என்று ஏழு வாரம் என்னை நம்பவைத்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

முதலில் ஓர் இலவச அறிமுக வகுப்பு வைத்தார்கள். அதை எடுத்தவர் உண்மையிலேயே கைதேர்ந்தவர். தாளை நனைத்து, நீலத்தை ஒரே இழுப்பில் மேலே பூசி, பலகையைச் சாய்த்துப் பிடித்தார். நிறம் கீழே இறங்க இறங்க வெளுத்துக்கொண்டே போய் வானமாகிவிட்டது. ஈரம் காய்வதற்குள் கசக்கிய டிஷ்யூவை அங்கங்கே ஒற்றி எடுத்தார், மேகம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மூச்சு நின்றுபோனது. அன்றே பணம் கட்டினேன்.

அந்த ஆசிரியரை அதற்குப் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வந்தவர் ஓர் இளைஞர். அறையில் நாங்கள் 19 பேர். ஒன்றரை மணி நேரத்தை 19 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூடத் தேறாது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரையும் அப்படித்தான் ஓடவிட்டிருந்தார்கள்.

சேரும்போதே 'கிட்' வாங்க வேண்டும் என்றார்கள். நானே வெளியில் வாங்கிக்கொள்கிறேனே என்றதற்கு, "வேற பொருள் கொண்டு வந்தா ரிசல்ட் வராது சார், எல்லாருக்கும் ஒரே கிட்தான்" என்று பதில் வந்தது. உள்ளே 24 சின்ன டியூப், ஒரு நைலான் பிரஷ் கட்டு, ஒரு தாள் அட்டை, தனியாக ஒரு பெரிய வெள்ளை டியூப். எந்த டியூபிலும் நிறத்தின் பெயரைத் தவிர ஒன்றும் அச்சிடவில்லை. தாள் எத்தனை ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம், என்பதும் இல்லை.

அதன் அருமை எனக்கு அப்போது தெரியாது. நீர்வண்ணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது தாளைத்தான். 300 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஓரளவு தண்ணீரைத் தாங்கி நிற்கும். அந்த அட்டையில் இருந்ததோ, ஒரு கை தண்ணீர் பட்டதும் அப்பளமாக வளைந்தது. பள்ளத்தில் நீலம் குளம் கட்டியது, மேடு வெள்ளையாகவே நின்றது. சரிசெய்யலாம் என்று இரண்டாவது முறை பிரஷ் வைத்தால் மேல்பரப்பு உரிந்து சிறுசிறு உருண்டையாகத் திரண்டது. "கை இன்னும் பழகல சார், போகப் போக வந்துரும்" என்றார்கள். நானும் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நண்பர் முழுப் பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் தாள் ஒன்றைக் கொடுத்தார். அதே கை, அதே தண்ணீர், அதே பிரஷ். வானம் ஒரு திட்டுகூட இல்லாமல் இறங்கியது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வண்ணங்களின் கதை இன்னும் மோசம். நல்ல டியூப் எதை எடுத்தாலும் அதில் நிறமியின், அதாவது நிறம் தரும் பொருளின், குறியீடு இருக்கும். அல்ட்ராமரீன் நீலம் என்றால் பிபி29. வெளிச்சத்தில் எவ்வளவு தாங்கும் என்பதையும் போட்டிருப்பார்கள். எல்லாச் சிவப்பும் ஒன்றில்லை. பிஆர்83 என்ற பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கும் என்பது ஓவியர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். பளீரென்று அடிக்கும் ஃப்ளோரசன்ட் ரோஸ் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். குறியீடே இல்லாத டியூபில் எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பட்டைத் தாளில் எல்லா நிறத்தையும் பூசி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டிய பட்டையில் ஐந்தாவது வாரம் அட்டையைப் பிரித்தேன். மூடியிருந்த பாதியில் ரோஸ் ரோஸாகவே இருந்தது. மூடாத பாதியில் ஏதோ ஒரு காலத்தில் அங்கே நிறம் இருந்தது என்று சொல்லும் அளவுக்கு ஒரு கறை மட்டும் மிச்சம்.

இத்தனையும் பொருள் சம்பந்தப்பட்டது, மாற்றிக்கொள்ளலாம். பாடம் நடந்த விதத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒவ்வொரு வாரமும் கோட்டுருவம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் கீழே கார்பன் தாள், அதற்கும் கீழே நம் தாள். கோட்டின்மேல் பேனாவை ஓட்டிவிட்டு, எங்கே எந்த எண் டியூப் என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பூச வேண்டும். கடைசி இருபது நிமிடம் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் வந்து 'ஃபினிஷிங்' செய்வார். நான்காவது வாரம் அந்தி வேளையில் ஒரு படகு. என் படகு தண்ணீரில் மிதக்காமல் தாளில் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. அவர் என் கையிலிருந்து பிரஷை வாங்கினார். படகின் அடிவயிற்றில் கருநீலத்தை ஒரு கோடு இழுத்தார், நிழலைக் குறுக்குவாட்டில் நடுங்கவிட்டார், அந்தப் பெரிய வெள்ளை டியூபிலிருந்து எடுத்து அலையின்மேல் நாலைந்து புள்ளி வைத்தார். மூன்றே நிமிடம்தான். படகு மிதந்தது. "சூப்பர் சார், நீங்க பண்ணது!" என்று படத்தோடு என்னை நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். 'நான்காவது வகுப்பிலேயே' என்ற வாசகத்தோடு அது அவர்கள் விளம்பரத்தில் வந்தது. வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் நம்பினேன்.

ஆறாவது வகுப்பு முடிந்த மறுநாள், வீட்டில் ஒரு கோப்பையை மேஜையில் வைத்து வரைய உட்கார்ந்தேன். கார்பன் இல்லை, ஜெராக்ஸ் இல்லை. ஒரு மணி நேரம் ஆகியும் கோப்பையின் வாய் வரவில்லை. சற்று மேலிருந்து பார்க்கும்போது வாய் நீள்வட்டமாகத் தெரியும், அடிப்பாகத்தின் வளைவு அதைவிட அகலமாகத் திறந்திருக்கும். நானோ அடியைத் தட்டையான கோடாகப் போட்டுக்கொண்டே இருந்தேன், கோப்பை கவிழ்ந்துகொண்டே இருந்தது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தர பத்து நிமிடம் போதும். ஆறு வாரத்தில் யாரும் சொல்லவில்லை. ஒரு பொருளை உற்றுப் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

துணைக்கருவி வைத்து வரைவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஓவியர் வான் கோ குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிய சட்டகம் ஒன்றை நட்டுவைத்து அதன் வழியாகப் பார்த்து வரைந்தவர்தான். 1882ல் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அதை வரைந்தே காட்டியிருக்கிறார். அந்தச் சட்டகம் கண்ணைப் பார்க்கப் பழக்கியது. கார்பன் தாள் கண்ணுக்கு வேலையே வைக்காது.

ஏழாவது வாரம் கேட்டேன், "பார்த்து வரைய எப்போ சொல்லித் தருவீங்க?" என்று. "அது அட்வான்ஸ்டு லெவல் சார், தனி ஃபீஸ். பிகினர்ஸுக்கு அதைக் குடுத்தா பயந்து ஓடிருவாங்க" என்றார் பொறுப்பாளர். தொடக்கநிலைக்காரனுக்குத்தானே அது முதலில் வேண்டும்!

அன்றே இன்னொன்றையும் பார்த்தேன். பக்கத்து அறையில் எண்ணெய் வண்ண வகுப்பு. ஜன்னலை மூடி ஏசி போட்டிருந்தார்கள், எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பென்டைனின் நெடி வாசலிலேயே கண்ணைக் கரித்தது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிச் சுருட்டி ஒரு குப்பைக் கூடையில் அடைத்திருந்தார்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். துணி குவிந்து கிடந்தால் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள உலோக டப்பாவில் போட வேண்டும். சொன்னேன். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல சார்" என்றார்கள். எண்ணெய் வண்ண வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் அந்த அறைக்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மீதி ஐந்து வகுப்புக்கான பணத்தைக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். எறும்பு எழுத்தில், கட்டிய பணம் எக்காரணத்தாலும் திரும்பக் கிடைக்காது. சேரும் நாளில் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை, நானும்தான்.

சேர்வதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியவை இவைதான்: அறிமுக வகுப்பு எடுத்தவரேதான் தொடர்ந்து எடுப்பாரா? நடந்துகொண்டிருக்கும் வகுப்பு ஒன்றில் அரைமணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா? மாணவர் ஒருவரின் முதல் வாரப் படத்தையும் பத்தாவது வாரப் படத்தையும், ஆசிரியர் கை படாமல், அருகருகே காட்ட முடியுமா? மாதாமாதம் கட்டலாமா? பொருள் பட்டியலைக் கொடுத்தால் நானே வாங்கிக்கொள்ளலாமா? கடைசிக் கேள்விக்கு மறுப்பு வந்தால் நான் இனி அந்த வாசலைத் தாண்டமாட்டேன். தொடங்குவதற்கு 24 நிறம் வேண்டவே வேண்டாம். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் நல்லதாக இருந்தால் போதும். கூடவே 8 அல்லது 10ஆம் எண் வட்டப் பிரஷ் ஒன்று. நனைத்து உதறினால் அதன் நுனி கூராகச் சேர வேண்டும். மீதிக் காசு முழுவதும் தாளுக்குப் போகட்டும்.

பணத்தைக் கேட்டு எழுத்துமூலமாகக் கடிதம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். என் போட்டோவை விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொல்லியும் அதில் எழுதியிருக்கிறேன், அந்தப் படகு நான் வரைந்தது இல்லை என்ற காரணத்தோடு. இன்றுவரை போட்டோ அங்கேயேதான் இருக்கிறது.