சிறு பிராணி மருத்துவ மேற்படிப்பு: முடித்து மூன்று வருடம் ஆன பிறகு

பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டம் முடித்து ஒன்பது வருடம் கிளினிக் நடத்திய பிறகுதான் இதில் சேர்ந்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் முதுநிலைப் படிப்பு. நாய், பூனை மருத்துவத்தின் அடிப்படைகள் மட்டும், இரண்டு வருடம். சேரலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

நம் ஐந்தரை வருடப் படிப்பில் மாடு, ஆடு, கோழி, இறைச்சிப் பரிசோதனை எல்லாம் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் அதில் ஒரு பங்குதான். பயிற்சிக் காலத்தில் நான் அதிகம் பார்த்தது மடிநோயும் சினைப் பரிசோதனையும். டவுனில் கிளினிக் திறந்தால் வருவதெல்லாம் லாப்ரடார், பொமரேனியன், இப்போது பெர்சியன் பூனைகள். சீனியர் சொன்னதையும் மருந்து கம்பெனி ரெப் கொடுத்த அட்டையையும் வைத்தே ஓட்டினேன்.

முதல் பருவம் முழுக்க ஒரே பாட்டு: நோயின் பெயரைத் தேடாதே, பிரச்சினைகளை வரிசையாக எழுது. 'வாந்தி' என்று கொண்டுவரும் நாய் வயிற்றை இழுத்து வாந்திதான் எடுக்கிறதா, தின்றது உணவுக்குழாயிலிருந்து அப்படியே வெளியே வந்து விழுகிறதா என்று பிரிப்பதற்கே இரண்டு வாரம். எரிச்சலாக இருந்தது, இதுகூடவா தெரியாது நமக்கு! சரி, ஒப்படைப்புக்காகப் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் பாதியில் அந்தக் கேள்வியே இல்லை. எல்லாவற்றுக்கும் வாந்தி ஊசிதான் போட்டிருக்கிறேன்.

இன்றுவரை தினமும் உதவுவது ரத்த ஸ்மியர், அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. போன மாதம் ஒரு பூனை, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. லேப் ரிப்போர்ட்டில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் வெறும் 22,000, மிகக் குறைவு. பழைய நானாக இருந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக் எழுதியிருப்பேன். ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். ஸ்மியர் மெலிந்து முடியும் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. பூனை ரத்தத்தில் இது சகஜம், மெஷின் அந்தக் கொத்துகளைப் பிளேட்லெட்டாக எண்ணாது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறெல்லாம் புண். டாக்ஸி மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க வைத்தால் பூனையின் உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கக்கூடும் என்பதும் அங்கே படித்ததுதான். இப்போது ரத்தம் எடுத்தாலே உதவியாளர் தம்பி, "மேடம், ஸ்லைடும் போட்டுட்டேன்" என்கிறான்.

சிறுநீரகப் பாடமும் வீண்போகவில்லை. ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் ஒன்றை மட்டும் பார்த்து 'கிட்னி போச்சு' என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். ட்ரிப்ஸ் ஏற்றும் முன் சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்கிறேன். நாயில் 1.030-க்கு மேல் இருந்தால் கிட்னி இன்னும் சிறுநீரை நன்றாக அடர்த்தியாக்குகிறது, அதனால் நீரிழப்பால் எகிறிய எண்ணா என்றுதான் முதலில் யோசிப்பேன். அதற்கான ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை.

குறை என்றால், உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியாவும் பேபீசியாவும் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டன. நமக்கு அதுதான் அன்றாடச் சோறு. பயிற்சிக் கேஸ்களில் வரும் உரிமையாளர்கள் எம்.ஆர்.ஐ. என்றதும் தலையாட்டுகிறார்கள். இங்கே எக்ஸ்ரேக்கே "ஊசி போட்டுப் பாருங்க டாக்டர்" என்பார்கள். கையில் பணம் இல்லாதபோது எந்த ஒரு டெஸ்ட்டை முதலில் எடுப்பது என்று படிப்பில் சொல்லித்தரவே இல்லை. ஒப்படைப்புக் கெடு அந்தப் பல்கலைக்கழகத்தின் நேரப்படி, ஒரு தீபாவளி அதிலேயே போனது. ரூபாய் மதிப்பு இறங்க இறங்க ஒவ்வொரு தவணையும் கூடியது.

அறுவை சிகிச்சை கற்கலாம் என்று சேர்ந்தால் ஏமாற்றம்தான், கை வேலை எதுவும் கிடையாது. நம் ஊர் கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டமான எம்.வி.எஸ்சி.க்கு ஈடாக ஏற்பார்களா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படித்து இரண்டு வருடம்கூட ஆகாதவர்கள் இப்போதைக்கு விடுங்கள். சொந்தக் கேஸ் ஷீட்டு இல்லாமல் இந்தப் பாடம் ஒட்டாது. சேர்ந்துவிட்டால், அனுமதிக்கும் பாடக்குறிப்புகளை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த வாரமே என் நூலக லாகினை மூடிவிட்டார்கள்.