லெட்ரோசோல் மாத்திரை: ஒன்றரை வருஷமா போட்டுக்கிட்டவ சொல்றேன்

எனக்கு வயசு 61. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்து, கதிர்வீச்சும் முடிஞ்ச பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தது இது, ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனைக் குறைக்கிற மாத்திரை. 2.5 மி.கி., தினம் ஒண்ணு, 5 வருஷத்துக்கு. "மாதவிடாய் நின்னு பத்து வருஷமாச்சே டாக்டர், இன்னும் என்ன ஈஸ்ட்ரோஜன்?"னு கேட்டேன். சினைப்பை ஓய்ஞ்சாலும், சிறுநீரகத்து மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பியிலிருந்து வர்ற ஆண்ட்ரோஜனை, அதாவது ஆண் ஹார்மோனைக் கொழுப்புத் திசுவில் இருக்கிற அரோமடேஸ் நொதி ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கிட்டே இருக்குமாம். என் கட்டி அதைத் தின்னு வளர்ற ரகம். மாத்திரை அந்த நொதியை மடக்கிப் போடுது.

சின்ன மாத்திரை, கசப்பில்லை, சாப்பாட்டுக்கு முன்னயோ பின்னயோ போட்டுக்கலாம். வசதி அதோட சரி. காலையில விரல் மடங்காது. மாவுப் பாத்திரத்தைத் தூக்க மருமகளைக் கூப்பிடணும். நடுராத்திரி உடம்பு தகிக்கும், நான் ஃபேனை அஞ்சுல வெப்பேன், வீட்டுக்காரர் போர்வைக்குள்ள முனகுவார். எலும்பும் தேயுமாம், அதனால எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி. தினம் நடந்தா மூட்டு கொஞ்சம் இளகுது. வலி தாங்காம நானா பத்து நாள் நிறுத்திட்டு, டாக்டர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

மாதவிடாய் நிக்காதவங்களுக்கு இது மட்டும் போதாது. அவங்களுக்குப் பெரும்பாலும் டமாக்ஸிஃபென்ங்கிற வேற மாத்திரை தருவாங்க.

இந்த மாத்திரைக்கு என் மார்க் அஞ்சுக்கு நாலு. ஒண்ணு விரலுக்காகக் குறைச்சது.