நீளத் துடுப்பா, குட்டைத் துடுப்பா: வன்னிக் கடலில் சுழியோடும் காலுக்கு எது?

சென்ற ஆனி மாதம் முல்லைத்தீவின் அளம்பில் கரையில் என் அக்காவின் மகன் தன் புதிய கால்துடுப்பைக் கழற்றினான். குதிகாலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. சின்னவிரல் வெளிறி, பக்கத்து விரலின் கீழ் மடிந்தபடியே கிடந்தது. “மாமா, இது காபன் துடுப்பு. கடையில் இருந்ததிலேயே விலை கூடியது” என்றான். பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், சிக்கிய வலையை எடுக்க மூன்று முறை இறங்கியிருக்கிறான். நான்காவது முறை ஏறி வரும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கூடப் போனவன் கையைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றியிருக்காவிட்டால் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மன்னார்ப் பக்கத்து அரிப்பு, சிலாவத்துறை முத்துப்பார்களில் குளித்த பழையவர்களுக்குத் துடுப்பு இல்லை. கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கினார்கள். தோணியில் நின்றவர் கயிற்றை இழுத்து அவர்களை மேலே எடுத்தார். இறக்கியது கல், ஏற்றியது கயிறு. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியூ கால்துடுப்புக்குக் காப்புரிமை பெற்றது 1933இல். இன்று கல்லும் கயிறும் செய்த வேலை முழுவதும் நம் கால்களில் விழுந்திருக்கிறது. அந்த வேலைக்கான கூலியைச் சிலிண்டருடன் போகிறவர் முதுகில் இருக்கும் காற்றிலிருந்து கொடுக்கிறார். மூச்சடக்கிப் போகிறவரிடம் நெஞ்சுக்குள் இருக்கும் ஒற்றை மூச்சைத் தவிர வேறு கையிருப்பு இல்லை. இரண்டு வகைத் துடுப்புகளும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

முதலில் மூச்சடக்கிச் சுழியோடுவதை எடுத்துக்கொள்வோம். மேற்பரப்பில் உடம்பு மிதக்கப் பார்க்கும். முதல் சில பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) கீழே போவதற்குத்தான் அதிகம் உதைக்க வேண்டும். 10 மீற்றரில் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த அளவில் மிதப்பு குறைந்து, இன்னும் கீழே போனால் உடம்பு தானாகவே தாழத் தொடங்குகிறது. திரும்பி வரும்போது அந்தப் பாரத்தை எதிர்த்து மறுபடியும் உதைக்க வேண்டும், அதுவும் மூச்சு தீர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில். உதைக்கும்போது தொடைத் தசைதான் மூச்சை அதிகம் தின்பது. ஆகவே ஓர் உதையில் கூடுதல் தூரம் போனால் அது உயிருக்கான மிச்சம். 80 முதல் 100 சென்ரிமீற்றர் வரை நீளமான துடுப்பு இதற்காகவே இருக்கிறது. இடுப்பிலிருந்து மெதுவாக உதைத்தால் தகடு வளைகிறது, வளைந்தது நிமிரும்போது தண்ணீரைப் பின்னே தள்ளுகிறது. முழங்காலை மடித்துச் சைக்கிள் மிதிப்பதுபோல் உதைக்கிறவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

அதே துடுப்புடன் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்கு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மீற்றர் நீளம் பின்னால் இழுபடுகிறது. ஒவ்வொரு உதையிலும் நுனி சேற்றைத் தொட்டுக் கிளப்பிவிட, தேடி வந்த பொருளே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. நின்ற இடத்தில் திரும்ப முடியாது, பின்னோக்கி நகர்வதும் கடினம். சிலிண்டர், ஈயக்குண்டு, மிதவைச் சட்டை எல்லாமாகத் தண்ணீரை எதிர்க்கும் உடம்புக்கு, விறைப்பான குட்டைத் துடுப்புதான் பிடிமானம் தரும். அதில் தவளை உதை போடலாம். பாதங்களை விரித்துப் பின்பக்கமாகச் சேர்த்தால் தண்ணீர் நேராகப் பின்னே போகும், அடிமணல் கலங்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீளத் துடுப்பு வேகமாக மேலே கொண்டுபோகும். சிலிண்டருடன் வருகிறவர் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது, ஏறினால் உடம்புக்குள் வாயுக் குமிழ்கள் உண்டாகி முடக்கிவிடலாம். அவசரமாக ஏறி, நடை இழந்து வீட்டுத் திண்ணையில் இருக்கும் சுழியோடிகளை எங்கள் கரைகளில் எனக்குத் தெரியும்.

குதிகால் மூடிய துடுப்பா, பட்டி வைத்துத் திறந்ததா என்பது அடுத்த கேள்வி. மூடியது வெறுங்காலில் செருப்புப்போல் போடுவது, எடையும் குறைவு. வள்ளத்திலிருந்து நேரே தண்ணீருக்குள் விழுகிறவருக்கு அது போதும். கரையிலிருந்து நடந்து இறங்குகிறவருக்குத் திறந்ததுதான் நல்லது. உள்ளே நியோபிரீன் சப்பாத்துப் போடலாம், சிலாவத்துறைப் பக்கத்துப் பார்க்கல்லிலும் முல்லைத்தீவின் மத்தியான மணலிலும் கால் தப்பும். பட்டி இறப்பராக இல்லாமல் சுருள்கம்பியாக இருந்தால் அலைக்குள் நின்று மாட்டுவதும் கழற்றுவதும் இலகு.

கடைக்காரர்கள் பலர் கனமான இறப்பர்த் துடுப்பை ‘உறுதி’ என்று விற்கிறார்கள். உறுதிதான், ஆனால் குளிர்நாட்டில் தண்ணீர் புகாத தடித்த உலர் உடை போடுகிறவரின் கால்கள் மேலே மிதக்கும், அவற்றைக் கீழே பிடித்து வைக்கவே அந்தப் பாரம் உதவுகிறது. நம் கடலில் மெல்லிய உடையோ சாரமோ போதும். அந்தப் பாரம் இங்கே காலைத் தாழ்த்தி, உடம்பைச் சரிவாக்கி, அடிமணலைக் கிளறும். எடை குறைந்த பிளாஸ்டிக் கலவைத் துடுப்பு இங்கே மேல். நடுவில் பிளந்த துடுப்பு முழங்கால் வலி உள்ளவருக்கு இதமானது, நீரோட்டத்திலும் தவளை உதையிலும் கைகொடுக்காது. அதை நான் வாங்கமாட்டேன்.

நீளத் துடுப்பில் பிளாஸ்டிக், கண்ணாடியிழை, காபன் இழை என்று மூன்று தகடுகள் உண்டு. காபன் உதைத்த சக்தியை மற்ற இரண்டையும் விட அதிகமாகத் திருப்பித் தரும், விலையோ பிளாஸ்டிக்கைப் போலப் பல மடங்கு. நங்கூரமும் ஈயக்குண்டும் உருளும் வள்ளத்தின் அடியில் ஒரே நாளில் அதன் ஓரம் வெடிக்கும். பிளாஸ்டிக் அடி தாங்கும், வெயில் தாங்கும். ஆழம் 8 பாகத்துக்குள் இருக்கும் வரைக்கும் எங்கள் தொழிலுக்கு அதுவே போதும்.

தகட்டை விடப் பெரிய விடயம் பாதம் நுழையும் பகுதி. வாங்கப் போகும்போது மாலையில் போங்கள், பகல் முழுவதும் நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். உட்கார்ந்து துடுப்பைப் போட்டு, பாதத்தை நீட்டி நன்றாக உதறுங்கள். குதிகால் எழும்பினால் பெரிது. விரல் மடிந்தால், அல்லது ஐந்து நிமிடத்தில் பாதத்தின் அடி இழுத்தால் சிறிது. என் மருமகன் கடையில் ஒரு நிமிடம்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. கடலில் கெண்டைக்கால் பிடித்தால் துடுப்பின் நுனியைக் கையால் பற்றி முழங்காலை நோக்கி இழுக்க வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டு தொழிலையும் செய்கிற அவனுக்கு ஒரே துடுப்பு என்றால் எதைக் கொடுப்பது என்று நெடுநேரம் யோசித்தேன். இரண்டுக்கும் நடுவான நீளத்தில் வருவது இரண்டு வேலையையும் அரைகுறையாகவே செய்யும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் கிழக்குக் கரையில் வலை எடுக்க மூடிய, நீளமான பிளாஸ்டிக் துடுப்பு. மன்னார்க் கடல் அமைதியாகும் மாதங்களில் சிலிண்டருக்குத் திறந்த, குட்டைத் துடுப்பு. இரண்டின் விலையும் சேர்ந்தாலும் அவன் கொடுத்த காபனின் விலை வராது.

காபன் தகடுகளை அவன் விற்கவில்லை. அவற்றைப் பாதப்பகுதியிலிருந்து கழற்ற முடியும். ஓர் அளவு பெரிய பாதப்பகுதி வாங்கும் வரை, அக்காவின் பழைய சேலையில் சுற்றி வீட்டு முகட்டில் சொருகி வைத்திருக்கிறான்.