போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ்: சிலந்தி பார்க்க வாங்கியது

விலை 450 ரூபாய். போன் கேமரா மேல் கிளிப் போட்டு மாட்டும் சின்ன லென்ஸ். எங்கள் மொட்டைமாடியில் துணிக்கொடியை ஒட்டி இரவில் வலை பின்னும் நியோஸ்கோனா சிலந்திக்காகவே வாங்கினேன். அதற்கு இது தாராளம்.

விடியுமுன் அது வலையைப் பிரித்து, இழைகளைச் சுருட்டி வாயில் போட்டுக்கொள்வது அழகாகத் தெரிகிறது. மேலே குறுக்காக ஓடும் இழையை மட்டும் விட்டுவைக்கிறது. அடுத்த வலை அதிலிருந்துதான். தூசு படிந்தால் வலையில் சுற்றிச் சுற்றி ஓடும் சுருள் இழையின் பசை ஒட்டாது, ஆனால் தின்றுவிடுவதால் இழையில் உள்ள புரதம் வீணாவதில்லை. பீக்கால் என்பவர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், கதிரியக்க அடையாளமிட்ட பழைய இழையைத் தின்ற சிலந்தி அரை மணி நேரத்திலேயே அதே புரதத்தில் புது இழை விட்டது. நம் பழைய பேப்பர் கடைக்காரருக்கு இந்த வேகம் வராது!

சரி, குறைகள். ஃபோகஸ் கிடைக்க ரொம்ப நெருங்க வேண்டும்; லென்ஸ் இழையில் பட்டால் சிலந்தி ஓடிவிடும். போன் உறையைக் கழற்றாமல் கிளிப் உட்காராது. படத்தின் ஓரங்கள் மங்கல். பூக்களுக்கு என்றால் வாங்காதீர்கள், வெறும் போனே போதும்.